கட்டியின் பெயரைக் காட்டும் விநாடிகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு நின்றால், திருவனந்தபுரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கக்கத்தில் பெரிய ஸ்கேன் கவர் இருக்கும். மழை வந்தால் தலை நனைந்தாலும் பரவாயில்லை என்று சேலைத் தலைப்பை இழுத்துக் கவரை மூடிக்கொள்வார்கள். அந்தக் கவர்களில் சிலவற்றுக்குள் இருக்கும் படங்களை எடுத்தவன் நான். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில், சி.டி. ஸ்கேன் அறையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். அவர் படிக்கும்படியான படத்தை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அவர்களில் பலரை அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது மூன்றே எழுத்துதான். வயிற்று அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘எஸ்.ஓ.எல். லிவர்’ என்று இருக்கும். ஈரலுக்குள் ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அது நீர்ப்பையாக இருக்கலாம், சீழாக இருக்கலாம், ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்கும் ஹெமாஞ்சியோமாவாக இருக்கலாம். கொழுப்பு படிந்த ஈரலில் கொழுப்பு படியாமல் தப்பிய ஒரு திட்டுகூடக் கட்டி மாதிரியே தெரியும். ஆனால் ரிப்போர்ட் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது புற்றுநோயாகிவிடும். 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை எங்கள் பக்கம் ஆர்.சி.சி. என்றுதான் சொல்வோம். ‘ஆர்.சி.சி.க்கு எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்று யாராவது சொன்னால் அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

சரி, இடத்தை அடைத்து நிற்பது எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? படத்தில் கட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உருவத்தை வைத்துச் சொல்லக்கூடியது குறைவு. ரத்தம் அதற்குள் எந்த நேரத்தில் போகிறது, எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்பதில்தான் அடையாளம் இருக்கிறது. அதற்கு ஈரலின் அமைப்பே வசதி செய்து கொடுத்திருக்கிறது.

பெரும்பாலான உறுப்புகளுக்கு ரத்தம் ஒரு வழியில் வரும். ஈரலுக்கு இரண்டு வழி. நாலில் மூன்று பங்கு, குடலில் இருந்து சாப்பாட்டுச் சத்தைச் சுமந்துகொண்டு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. மீதி ஒரு பங்கு தமனி வழியாக. எங்கள் ஊர் ஏலாவை, அதாவது வயல்வெளியை, நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சானல் ஒன்று, சின்ன ஓடை ஒன்று, இரண்டிலும் தண்ணீர் வருகிறது. முதலில் சின்ன ஓடையைத் திறக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்து பெரிய சானலைத் திறக்கிறோம். சின்ன ஓடையைத் திறந்ததுமே எந்தத் துண்டு நனைகிறதோ, அது அந்த ஓடையை நம்பிப் பிழைக்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல ஈரல் திசு பெரும்பாலும் பெரிய சானலை நம்பி இருக்கிறது. கட்டிகளில் பல தமனியில் இருந்து குடிக்கின்றன.

ஊசி வழியாகப் போகும், படத்தில் வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்து முதலில் தமனிக்கு வந்து சேரும். ஏறக்குறைய 35 முதல் 40 விநாடிக்குள் எடுக்கும் படத்தில் தமனி ரத்தம் குடிக்கும் கட்டி வெள்ளையாக எழுந்து நிற்கும், சுற்றியுள்ள ஈரல் இன்னும் மங்கலாகவே இருக்கும். 70 விநாடி வாக்கில் போர்ட்டல் ரத்தத்தோடு மருந்து வந்து ஈரல் முழுவதும் வெளுக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில், எது மருந்தைப் பிடித்து வைத்திருக்கிறது, எது விட்டுவிட்டது என்று தெரியும். மூன்று படங்களும் சேர்ந்ததைத்தான் ட்ரிப்பிள் ஃபேஸ் என்கிறோம்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. அறைக்குள் நடப்பது வேறு. முழங்கை மடிப்பில் பச்சைக் கேனுலா என்ற தடித்த ஊசிக்குழாய் போட வேண்டும், குறைந்தது பிங்க் கேனுலாவாவது. விநாடிக்கு 3 முதல் 5 மில்லி வேகத்தில் பம்ப் மருந்தைத் தள்ளும். ‘உடம்பெல்லாம் சூடு பரவும், மூத்திரம் போன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க’ என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சூடு ஏறியதும் ஆள் அசைந்துவிடுவார், சரியாக அந்த 40 விநாடியில். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதை நான் இரண்டு மொழியிலும் சொல்வேன். பாறசாலையில் இருந்து வருகிறவர்களுக்கு ‘ஸ்வாசம் வலிச்சு பிடிச்சு வய்க்கூ’, மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ‘மூச்ச இழுத்து அடக்குங்க’. ஒரு மூச்சு தவறினாலும் ஈரல் விரலளவு கீழே இறங்கி, சின்னக் கட்டி படத்தில் கலங்கிப்போகும்.

என் கையாலேயே நடந்த தவறைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வந்தார். நரம்பு கிடைக்கவில்லை என்று புறங்கையில் சின்ன நீலக் கேனுலா போட்டு, அது தாங்காதே என்று பம்ப் வேகத்தையும் குறைத்தேன். தமனிப் படம் எடுத்த நேரத்தில் கட்டிக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேரவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, மறுபடி எடுக்கணும்’ என்றார். அந்தத் தொழிலாளி இன்னொரு நாள் வெட்டை விட்டுவிட்டு வந்து, இன்னொரு முறை ஊசி குத்திக்கொண்டு, இன்னொரு முறை கதிர்வீச்சையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நல்ல நரம்பு தேட எத்தனை நிமிடம் ஆனாலும் நான் அவசரப்படுவதில்லை.

இந்த நேரக் கணக்கில் பெரும்பாலான கட்டிகள் தங்கள் பெயரைச் சொல்லிவிடும். ஹெமாஞ்சியோமா ஓரத்தில் இருந்து திட்டுத் திட்டாக வெளுக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல நடுப்பக்கம் நிரம்பும். எம்.ஆர்.ஐ.யில் பல்பு எரிகிற மாதிரி பளீரென்று இருக்கும். பாதிப்பில்லாத கட்டி, பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஈரலின் சாதாரணப் புற்றுநோயான ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா தமனிப் படத்தில் சட்டென்று வெளுத்து, கடைசிப் படத்தில் சுற்றியுள்ள ஈரலை விடக் கறுத்துப் போகும். ஈரல் சுருங்கிப்போன சிரோசிஸ் நோயாளியிடமோ, நாள்பட்ட ஹெப்படைடிஸ் பி உள்ளவரிடமோ இந்த இரண்டு அடையாளமும் அளவும் பொருந்திவந்தால், சதை எடுத்துப் பார்க்காமலேயே புற்று என்று முடிவு செய்வார்கள். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011-இல் வெளியிட்ட லை-ராட்ஸ் என்ற முறை இதைத்தான் படிப்படியாக வகுத்துக் கொடுத்தது.

அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏற்கெனவே ஆபத்துள்ள ஈரலுக்கு மட்டுமே அது பொருந்தும், 18 வயதுக்குக் கீழே பொருந்தாது. அரிய கட்டிகள் இங்கேதான் வழுக்கிப் போகின்றன. அவற்றில் பல வருவது நல்ல ஈரலில், இள வயதில். குடிக்காத, மஞ்சள் காமாலை வராத 22 வயதுப் பெண்ணின் ஈரலில் தமனிப் படத்தில் ஒரு கட்டி வெளுத்தால், 60 வயது சிரோசிஸ்காரருக்குச் சொல்லும் பதிலை அவளுக்குச் சொல்ல முடியாது. யாருடைய ஈரல் என்று தெரியாமல் படத்தை மட்டும் படித்தால் தவறு நிச்சயம்.

அப்படி ஒரு நர்சிங் மாணவி. வலது பக்கம் லேசான வலி, ஸ்கேனில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. இன்னொரு சென்டரில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போயிருக்கிறார்கள். கையில் இருந்த பிலிமில் போர்ட்டல் நேரத்துப் படங்கள் மட்டுமே அச்சாகி இருந்தன. கட்டியின் நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு தழும்பு. ரிப்போர்ட்டில் மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நடுவில் தழும்புள்ள கட்டி என்றால் இரண்டு கட்டிகளின் பெயர் முன்னுக்கு வரும். ஒன்று எஃப்.என்.ஹெச். என்ற சாதுவான கட்டி, இளம் பெண்களிடம் அதிகம், புற்றாக மாறாது. இன்னொன்று ஃபைப்ரோலாமெல்லர் கார்சினோமா என்ற அரிய புற்று, பெரும்பாலும் பத்து வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் வரும். அதில் ரத்தப் பரிசோதனையும் கைகொடுக்காது. ஈரல் புற்றுக்குப் பார்க்கும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் புரதம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஒன்றுக்கு மருந்தே வேண்டாம், இன்னொன்றுக்குப் பெரிய ஆபரேஷன். இரண்டையும் பிரிப்பது அந்தத் தழும்புதான். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் எஃப்.என்.ஹெச். தழும்பு வழக்கமாக வெள்ளையாக இருக்கும், கடைசி நேரப் படத்தில் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஃபைப்ரோலாமெல்லர் தழும்பு நாரேறிக் கறுத்து இருக்கும், பல நேரம் சுண்ணாம்பும் படிந்திருக்கும். அதன் உடம்பும் ஒரே சீராக வெளுக்காது. இதற்கு மேலும் ஒரு வழி உண்டு. கடாக்ஸெட்டேட் என்ற எம்.ஆர்.ஐ. மருந்தில் ஏறக்குறைய பாதியை ஈரல் செல்களே உள்வாங்கிப் பித்தத்தில் விடும். 20 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால், நல்ல ஈரல் செல்லால் ஆன எஃப்.என்.ஹெச். அந்த மருந்தைப் பிடித்து வைத்திருக்கும். புற்று பெரும்பாலும் கறுத்துக் கிடக்கும்.

ஃபைப்ரோலாமெல்லர் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. 1956-இல் எட்மண்ட்சன் இதை முதலில் விவரித்தார். அதன் மூல காரணம் 2014 வரை தெரியவில்லை. 12 வயதில் இதே நோய்க்கு ஆளான எலானா சைமன் என்ற அமெரிக்கப் பெண், பள்ளியில் படிக்கும்போதே ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து உழைத்து, நோயாளிகளின் கட்டிகளில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகி இருப்பதைக் காட்டும் ஆய்வில் பங்கெடுத்தார். பார்த்த 15 பேரின் கட்டியிலும் அதே ஒட்டு இருந்தது. இன்று படத்தில் சந்தேகம் வந்து சதை எடுத்தால், அந்த ஒட்டைத் தேடிப் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

வேறு விதமாக ஏமாற்றும் கட்டி ஒன்று உண்டு. பெயர் நீளம்: எபிதீலியாய்ட் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. சுருக்கமாக ஈ.ஹெச்.இ. 1982-இல்தான் இதற்குத் தனிப் பெயர் கிடைத்தது. ஈரலின் ஓரங்களில் பல முடிச்சுகளாக வரும். அதனால் முதல் பார்வையில் ‘வேற எங்கேயோ உள்ள புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது’ என்றே தோன்றும். குடல், மார்பு, கருப்பை என்று எங்கெல்லாமோ தேடுவார்கள், ஒன்றும் கிடைக்காது. கவனித்துப் பார்த்தால் சில அடையாளங்கள் உண்டு. முடிச்சுக்கு மேலே உள்ள ஈரலின் மேல்தோல் வெளியே புடைக்காமல் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். ஒரு சிரை முடிச்சின் விளிம்பு வரை வந்து அங்கேயே முடிந்துபோகும், குச்சி மிட்டாய் மாதிரி. நோயாளி படத்தைப் பார்த்து நாம் பயப்படும் அளவுக்கு வாடியிருக்க மாட்டார். சிலருக்கு இது வருடக்கணக்கில் மெதுவாகவே நகரும், சிலருக்கு வேகமாகப் போகும். ‘பரவிய புற்று’ என்று எழுதிக் கைவிடப்பட வேண்டிய நோய் இது இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னும் கவனமாக இருப்பேன். மூன்று வயதுக்குள் வரும் ஈரல் கட்டி என்றால் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற புற்றை முதலில் நினைப்பார்கள். பெரும்பாலோருக்கு ஏ.எஃப்.பி. மிக அதிகமாக இருக்கும். ஆனால் பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே ஏ.எஃப்.பி. அதிகம், மாதக்கணக்கில்தான் இறங்கும். ஆகையால் வயதைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ஆறு முதல் பத்து வயதுக்குள் வரும் எம்ப்ரியோனல் சார்கோமா என்ற புற்று வேறு ரகம். சி.டி. ஸ்கேனில் அது பெரிய நீர்ப்பை மாதிரியே தெரியும். உள்ளே இருக்கும் குழகுழப்பான திசு அவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதே கட்டியை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் உள்ளே கெட்டியாக, சதையாகத் தெரியும். ஒன்று நீர் என்கிறது, இன்னொன்று சதை என்கிறது. இந்த முரண்பாடுதான் அதன் முக்கியமான அடையாளம். விலை கூடிய ஸ்கேன் சொல்வதே சரி என்று நினைத்து அல்ட்ராசவுண்டை ஒதுக்கினால், புற்றை நீர்ப்பை என்று விட்டுவிடுவோம். எங்கள் டாக்டர் குழந்தையின் சி.டி.யில் நீர்ப்பை தெரிந்தால் தானே எழுந்துபோய் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்துப் பார்ப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் தனியாகக் காசு வாங்குவதில்லை.

கடற்கரை ஊர்களில் இருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘இது நம்ம மணலால வந்ததா?’ மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. திருவிதாங்கூரில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து ஜெர்மானியரான ஷோம்பெர்க் 1909-இல் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்குத் தோரியம் வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு. தோரியத்துக்கும் ஈரல் கட்டிக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு உண்டு, ஆனால் அது மணல் வழியாக வந்ததில்லை. 1930-களில் இருந்து 50-கள் வரை பல நாடுகளில், எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிவதற்காக தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை ஊசியில் செலுத்தினார்கள். அது தோரியம் டை ஆக்ஸைடு. படம் அருமையாக வந்தது. மருந்து மட்டும் உடம்பை விட்டு வெளியேறவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, வருடக்கணக்கில் உள்ளேயே கதிர்வீசியது. இருபது முப்பது வருடம் கழித்துப் பலருக்கு ஆஞ்சியோசார்கோமா என்ற கொடிய, மிக அரிய ஈரல் புற்று வந்தது. படம் எடுக்கக் கொடுத்த மருந்தே நோயைக் கொடுத்தது. என் தொழிலில் இருக்கிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது சி.டி.க்குச் செலுத்துவது அயோடின் மருந்து. அதற்குக் கதிர்வீச்சு கிடையாது, கிட்னி நன்றாக இருந்தால் ஒரு நாளைக்குள் பெரும்பாலும் மூத்திரத்தில் போய்விடும்.

மணல் கேள்விக்கு நேரான பதிலும் இருக்கிறது. இதே மாதிரி மணலுள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆஞ்சியோசார்கோமாவுக்கு உறுதியான மற்ற காரணங்களில் ஒன்று வினைல் குளோரைடு, 1974-இல் அமெரிக்க பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்களிடம் தெரியவந்தது. இன்னொன்று ஆர்செனிக்.

புற்று மாதிரி வேஷம் போடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, எல்லை தாண்டினால் கள்ளு ஷாப்பு. கள் குடிப்பவர்களிடம் அமீபாவால் வரும் ஈரல் சீழ்க்கட்டி அதிகம் என்பது தென்னிந்திய டாக்டர்களுக்குப் பழக்கமான விஷயம். அரைகுறையாகப் பழுத்த சீழ்க்கட்டி படத்தில் சதைக்கட்டி மாதிரி தெரியும். காய்ச்சல் இருந்ததா, எப்போது குடித்தார் என்ற கேள்வியை மனைவியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பெண்களிடம் கேட்க வேண்டியது கருத்தடை மாத்திரை, ஜிம் போகிற பையன்களிடம் ஸ்டீராய்டு ஊசி. இரண்டாலும் அடினோமா என்ற கட்டி வரும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் உள்ளுக்குள் வெடித்து ரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

‘இவ்வளவு எதுக்கு, நேரா ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துடலாமே?’ என்று கேட்பார்கள். பல அரிய கட்டிகளுக்குக் கடைசியில் பயாப்ஸிதான் பதில் சொல்லும். ஈ.ஹெச்.இ.யைப் படத்தை மட்டும் வைத்து யாரும் உறுதி செய்வதில்லை. ஆனால் படம் முழுமையாக எடுத்த பிறகுதான் ஊசி. ஆஞ்சியோசார்கோமாவில் குத்தினால் ரத்தம் நிற்காமல் போகலாம். நாய் மூலம் பரவும் ஹைடாட்டிட் நீர்ப்பையில் தெரியாமல் குத்தினால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரண ஈரல் புற்றில்கூட ஊசி போன தடத்தில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குப் புற்று விதைக்கப்படுகிறது. ஊசி தொடலாமா, எந்த இடத்தில் தொடுவது என்று சொல்வதும் அந்த மூன்று படங்கள்தான்.

அந்த நர்சிங் மாணவியின் அம்மா ஒரு நாள் எங்கள் சென்டருக்கு வந்தார். ‘மக்ளே, திருவனந்தபுரத்து டாக்டர் சி.டி. கொண்டு வரச் சொன்னாரு. பிள்ளைக்கு இன்னொரு சி.டி. எடுக்கணும்’ என்றார். கையில் பணத்தைச் சுருட்டி வைத்திருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். டாக்டர் கேட்டிருந்தது ஸ்கேன் இல்லை, பழைய ஸ்கேன் பதிந்த சி.டி. தட்டு. நம் காதுக்கு இரண்டும் ஒரே சொல். ‘அம்மா, மறுபடி எடுக்க வேண்டாம். முதல்ல எடுத்த இடத்துல போய், எல்லா ஃபேஸும் உள்ள சி.டி. தட்டு தாங்கன்னு கேளுங்க’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பிலிமில் அச்சாவது நூற்றுக்கணக்கான படங்களில் கொஞ்சம்தான். மீதி எல்லாம் தட்டில் இருக்கும். சில மாதம் போனால் சென்டரின் கம்ப்யூட்டரில் இருந்து அழிந்தும் போகும்.

அன்றைக்கு அழியவில்லை. தமனி நேரத்துப் படம் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. கட்டி ஒரே சீராக வெளுத்து, அடுத்த படத்தில் ஈரலோடு கலந்து, கடைசிப் படத்தில் தழும்பு மட்டும் மருந்தைப் பிடித்திருந்தது. சுண்ணாம்பு இல்லை. அப்புறம் கடாக்ஸெட்டேட் வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இருபதாவது நிமிடத்தில் கட்டி ஈரலை விடக் கொஞ்சம் வெள்ளையாகவே நின்றது. எஃப்.என்.ஹெச். என்று எழுதி, ஆறு மாதம் கழித்து ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா அந்த ரிப்போர்ட்டை எங்களிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு, சி.டி. தட்டைக் கைக்குட்டையில் சுற்றி ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் வைத்திருப்பதாகச் சொன்னார்.